மூத்தவனின் வயது

என் மகன் திருடிய சைக்கிள் கறுப்பு நிறம். அவன் அதற்குப் பச்சை வர்ணம் பூசினான். அரியலூர் தாலுகாவில் அதுவரை பச்சை சைக்கிளே கிடையாது. மூன்றாம் நாள் பிடித்துவிட்டார்கள்.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் அது. அரியலூர் ரேஷன் ஆபீஸில் அவனுக்குத் தற்காலிகமாக ஓர் எழுத்தர் வேலை இருந்தது. யுத்தம் முடிந்ததும் வேலையும் முடிந்தது. எங்கள் ஊரிலிருந்து அரியலூருக்கு ஆறு மைல். வேலை இருந்தபோது நடந்து போய் வந்தான். வேலை போன பிறகு வேலை தேடுவதற்காக அதே ஆறு மைலை நடந்தான். ஒரு நாள் மத்தியானம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் பூட்டாத சைக்கிள் ஒன்று நின்றிருக்கிறது. லெப்பைக்குடிக்காட்டு ஜவுளி வியாபாரி ஒருவர் அதை நிறுத்திவிட்டுப் பார்சல் போட உள்ளே போயிருந்தார்.

"ஏறிட்டேன்ப்பா. ஏறின பின்னாடி எறங்கத் தோணல" என்றான் என்னிடம். அந்த வழக்கில் அவன் தரப்பு வாதம் முழுவதும் அவ்வளவுதான்.

நான் ஜில்லா போர்டு ஆரம்பப் பள்ளியில் தலைமை ஆசிரியன். இரண்டு ஆசிரியர்கள் உள்ள பள்ளி. எனக்குத் தலைமை தாங்குவதற்கு ஒருவர் இருந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி மகனிடம் சொன்னது நான்தான். உண்மையைச் சொன்ன பையனுக்கு ஒரு அடி குறைத்துக் கொடுப்பது என் வகுப்பில் வழக்கம். கோர்ட்டிலும் அதுதான் முறை என்று நினைத்துவிட்டேன். இருபது வருஷம் பிரம்பு பிடித்தவனுக்குத் தண்டனையைப் பற்றித் தனியாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற எண்ணமும் இருந்தது.

அவன் ஒப்புக்கொண்டான். சப் மாஜிஸ்திரேட் நல்ல மனிதர். அதில்தான் கஷ்டம் வந்தது. அன்று காலையில் எங்களுக்கு முன்னால் இரண்டு ஆடு திருடிய ஒருவனுக்கு இரண்டு மாதம் போட்டார். நாற்பது வயது ஆள், முன்பும் ஒரு தடவை உள்ளே போய் வந்தவன். அவனைப் பற்றி அவர் அதிகம் யோசிக்கவில்லை. என் மகனைப் பற்றி யோசித்தார். பள்ளிச் சான்றிதழைப் பார்த்தார். வயது பத்தொன்பது. வாத்தியார் மகன். படித்தவன். ஜெயிலில் போட்டால் கெட்டுப் போவான் என்று நினைத்தார். இளவயதுக் குற்றவாளிகளுக்கான போர்ஸ்டல் பள்ளிக்கு அனுப்பினால் தச்சு வேலையோ தையல் வேலையோ கற்று மனிதனாகத் திரும்புவான். ஆனால் அங்கே அனுப்பும் அதிகாரம் அவருக்கு இல்லை. அதனால் வழக்கை டிவிஷனல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பினார். அவரும் நல்ல மனிதராகவே இருந்தார். மூன்று வருஷம் என்று உத்தரவு போட்டார்.

"நீர் வாத்தியார். பள்ளிக்கூடத்தின் அருமை உமக்குத் தெரியும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

தெரியும் என்று தலையை ஆட்டினேன். பழக்கம் அது. இன்ஸ்பெக்டர் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிய உடம்பு.

வெளியே வந்தபோது ஜவுளி வியாபாரி தம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பச்சை போகவில்லை. என்னைக் கண்டதும் துணியை ஹேண்டில்பாரில் போட்டார்.

"மூணு வருசமா சார்? நா ஒரு மாசம், ரெண்டு மாசம்னு நெனச்சேன். சைக்கிளு காணோம்னுதான் எழுதிக் குடுத்தேன், வேற ஒண்ணும் கேக்கலையே. எஞ் சைக்கிளு கெடச்சிருச்சு. ஒங்க புள்ளயத்தான் தொலச்சிட்டோம். அல்லா லேசாக்குவான், போங்க."

அவர் பச்சை சைக்கிளில் ஏறிப் போனார். நான் வக்கீல் வீட்டுக்குப் போனேன்.

என் பள்ளி நண்பர் ஒருவரின் சகலை அந்த வக்கீல். அரியலூரில் பிராக்டீஸ் செய்தார், பெரிய அப்பீல்களுக்குத் திருச்சி போவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெற்றிலைப் பெட்டியை மூடினார்.

"குத்தத்த ஒப்புக்கிட்டான்ல, அதனால குத்தம் பத்திப் பேச வழியில்ல. தண்டனை கூடவா கொறச்சலா, சட்டப்படி செல்லுமா செல்லாதா, இது மட்டுந்தான் அப்பீல்ல பேசலாம்."

"மூணு வருஷம் கூடத்தானே?"

"ஒங்களுக்குக் கூடுதல். செஷன்ஸ் ஜட்ஜுக்கு அது கீழ்க்கோர்ட்டுக்காரர் யோசிச்சுப் போட்டது. பையனோட நல்லதுக்குன்னு வேற எழுதி வச்சிருக்காரு. திட்டிப் போட்ட தண்டனைய ஒடைக்கிறது சுலபம் சார். அன்பாப் போட்டதுல லேசுல கை வைக்க மாட்டாங்க."

அப்பீல் போட்டு, தண்டனையைக் கூட்டிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

"அப்பீல்ல கூட்ட முடியாது. ஐகோர்ட்டு நெனச்சா கூட்டலாம். பட்டணத்துல ஜட்ஜுங்க தாளைப் பாத்துட்டு, ஏன் கூட்டக் கூடாதுன்னு நோட்டீஸ் விடுவாங்க. அபூர்வம்."

அபூர்வம் என்ற சொல் என் காதில் விழவில்லை. நோட்டீஸ் என்பது மட்டும் விழுந்தது.

பிறகு அவர் பள்ளிச் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இருபத்தொரு வயதைத் தாண்டியவனைப் போர்ஸ்டலுக்கு அனுப்ப முடியாது என்றார். தாண்டியிருந்தால் அந்த உத்தரவு செல்லாது. சாதாரண ஜெயில்தான் போட முடியும். ஒரு சைக்கிளுக்குச் சில மாதம் போடுவார்கள்.

"அவனுக்குப் பத்தொன்பதுதான்" என்றேன்.

"ஸ்கூல் ரிக்கார்டு அப்படிச் சொல்லுது. ஸ்கூல் ரிக்கார்ட யாரு சார் நம்புறா? வாத்தியாருங்க எழுதுறது."

"நான்தான் எழுதினேன்."

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. ஊர்ப் பொறப்புப் புத்தகத்துலேருந்து எக்ஸ்டிராக்ட் ஒண்ணு எழுதி வாங்கிக் கொண்டாங்க. எனக்கு வேற எதுவும் சொல்ல வேணாம். தாளு பேசட்டும்."

இந்த இடத்தில் ஜூலை முதல் தேதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பள்ளிச் சேர்க்கைக்குப் பிள்ளையைக் கொண்டுவருபவர்களுக்கு அதன் பிறந்த நாள் தெரியாது. பெரிய மழை பெய்த வருஷம் என்பார்கள், ஏரி உடைந்ததற்கு மறு வருஷம் என்பார்கள். "ஒரு ரெண்டு வருசம் கொறச்சே போடுங்க சார், பின்னாடி உத்தியோகத்துக்கு ஒதவும்" என்பதை மட்டும் எல்லாரும் மறக்காமல் சொல்வார்கள். பையன் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம். தொட்டவனுக்கு நான் ஜூலை முதல் தேதி என்று எழுதுவேன், வருஷத்தைப் பெற்றவர்கள் சௌகரியப்படி குறைப்பேன். என் பள்ளியில் படித்த ஊரார் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே நாளில் பிறந்தவர்கள். அவர்களில் ஒருவன் இப்போது போலீஸில் இருக்கிறான். உண்மை வயதைக் கணக்கிட்டால் அவன் போலீஸில் சேர்ந்திருக்கவே முடியாது.

என் மகனுக்கு மட்டும் நான் அப்படிச் செய்யவில்லை. அவன் புரட்டாசியில் பிறந்தான், இங்கிலீஷ் தேதி அக்டோபர் மூன்று. அதையே எழுதினேன், வருஷத்தையும் குறைக்கவில்லை. அது நேர்மை என்று சொல்ல மாட்டேன். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சலுகை கொடுத்தவன் தன் பிள்ளைக்கும் கொடுத்துக்கொண்டான் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்ற வீம்பு. என் மனைவி அப்போது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் அள்ளி அள்ளிக் குடுக்குறீங்க. பெத்த புள்ளைக்கு ரெண்டு வருசம் குடுக்க மனசு வரல" என்று மூன்றாம் நாள் சொன்னாள்.

ஆக, அந்தச் சேர்க்கைப் புத்தகத்தில் உள்ள ஒரே உண்மையான பிறந்த தேதியைத்தான் பொய் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

முடியாது, அவனுக்கு உண்மையாகவே பத்தொன்பதுதான், எக்ஸ்டிராக்ட் வாங்கினாலும் அதுதான் இருக்கும் என்று வீட்டில் சொன்னேன். என் மனைவியின் தம்பி அன்று வந்திருந்தான். அவன் வாலிகண்டபுரத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்பவன். சாப்பிட்டுவிட்டுப் போனான். நான்கு நாள் கழித்து ஒரு தாளோடு வந்தான்.

"பொறப்பு எக்ஸ்டிராக்டு மாமா. எங்க ஊரு கணக்குப்புள்ள வூட்டுல எழுதி வாங்கியாந்தேன்."

எங்கள் மகன் வாலிகண்டபுரத்தில் பிறக்கவில்லை, எங்கள் ஊரில் பிறந்தவன். என் மாமியார் அதற்குள் இறந்துவிட்டதால் அந்தப் பிரசவத்துக்கு மனைவி தாய்வீடு போகவில்லை. தாளைப் பிரித்தேன். தகப்பன் பெயர் என்னுடையது. தாய் பெயர் சரி. ஆண் குழந்தை. பிள்ளையின் பெயருக்கு அதில் இடமே கிடையாது. பெயர் வைப்பதற்கு முன்பே எழுதிவிடுவார்கள். தேதி மாசி மாதம், இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தியது.

அது எங்கள் மூத்தவன்.

அவன் தாய்வீட்டில் பிறந்தான். எங்கள் ஊருக்கு வந்த பிறகு, எட்டு மாதக் குழந்தையாக, காய்ச்சலில் போய்விட்டான். இறப்பை எங்கள் ஊர்ப் புத்தகத்தில் எழுதினார்கள், ஆண் குழந்தை என்றுதான். பிறந்தது ஒரு புத்தகத்தில், இறந்தது இருபது மைல் தள்ளி வேறொரு புத்தகத்தில். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க யாருக்கும் காரணம் இருந்ததில்லை. வாலிகண்டபுரத்துப் புத்தகத்தைப் பொறுத்தவரை அவன் இன்னும் இருக்கிறான், வயது இருபத்திரண்டு.

என் மைத்துனன் தெரிந்து அதை வாங்கி வந்தானா, தெரியாமல் வாங்கி வந்தானா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"இது அவனோடது இல்ல" என்றேன்.

"ஆம்பளப் புள்ளைன்னு போட்டிருக்கு. அப்பன் பேரு, ஆத்தா பேரு போட்டிருக்கு. வேற என்ன வேணும் மாமா?" என்றான்.

மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் தாளை வாங்கவில்லை. எந்தத் தேதி என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

"எட்டு மாசம் இருந்தான். ஒண்ணுத்துக்கும் நம்மள செலவு வக்கல, தொந்தரவு பண்ணல. தம்பிக்காக இதை ஒண்ணு செய்யட்டுமே" என்றாள். பிறகு, "அவன் வேணாம்னா சொல்லப் போறான்?" என்றாள்.

நான் இரண்டு நாள் யோசித்தேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். உண்மையில் அடுத்த நாளே பெரம்பலூர் பஸ்ஸில் அரியலூர் போய் வக்கீலிடம் தாளைக் கொடுத்துவிட்டேன். யோசனை எல்லாம் பிறகுதான், இன்னும் முடியவில்லை.

அபிடவிட் என்ற பிரமாணப் பத்திரம் தயாரானது. இன்ன பையனின் தகப்பனாகிய நான், ஆசிரியத் தொழிலில் இருந்துகொண்டு, சேர்க்கைப் புத்தகத்தில் என் மகனின் வயதை வேண்டுமென்றே சுமார் இரண்டரை வருஷம் குறைத்து எழுதினேன் என்று அதில் இருந்தது. வக்கீல் ஒரு தடவை வாசித்துக் காட்டினார்.

"இதுல கையெழுத்துப் போட்டா ஒங்க டிபார்ட்மெண்டு சும்மா இருக்காது. யோசிச்சுப் போடுங்க" என்றார்.

போட்டேன். என் கையெழுத்து எப்போதும் நன்றாக இருக்கும். அன்றும் நன்றாகவே இருந்தது.

விசாரணைக்கு முன்பு திருச்சி ஜெயிலில் மகனைப் பார்த்தேன். அப்பீல் முடியும்வரை அங்கேதான் வைத்திருந்தார்கள். மெலிந்திருந்தான். அங்கே அவனுக்குக் கயிறு திரிக்கும் வேலை. உள்ளங்கையைக் கேட்காமலே காட்டினான்.

"மூணு வருசம் இருக்க முடியாதுப்பா" என்றான். அவன் என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவன். ஒரு சைக்கிள் வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை.

கோர்ட்டில் வயதைக் கேட்டால் இருபத்திரண்டு என்று சொல் என்றேன். ஏன் என்று கேட்டான். சொன்னேன். அண்ணன் ஒருவன் பிறந்து இறந்தது அவனுக்குத் தெரியும், எங்கள் வீட்டில் அதை மறைக்கவில்லை. பேசாமல் இருந்தோம், அவ்வளவுதான். கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அவன் பேரு என்னப்பா?"

சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை.

செஷன்ஸ் கோர்ட்டுக்குச் சேர்க்கைப் புத்தகத்தைக் கொண்டுவரும்படி உத்தரவு வந்தது. தலைமை ஆசிரியன் என்ற முறையில் அதைக் கொண்டுபோக வேண்டியவன் நான். துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் சாமிப் படமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த வாரம் எனக்குப் பொய் சுலபமாக வந்தது.

ஜட்ஜ் மெல்லிய குரலில் பேசுபவர். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்காகவே கேள்விகளுக்கு நடுவே நிறுத்துவார். என்னைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கினார்கள். அவர் இங்கிலீஷில் கேட்டார், நானும் இங்கிலீஷிலேயே சொன்னேன். தாய்மொழியில் சொல்ல நாக்கு எழும்பியிருக்காது.

இது உங்கள் கையெழுத்தா என்றார். ஆமாம் என்றேன். இதில் எழுதியிருப்பது உண்மையா என்றார். இல்லை என்றேன். ஏன் குறைத்து எழுதினீர்கள்?

"பிற்காலத்தில் உத்தியோகத்துக்கு உதவும் என்று."

கோர்ட்டில் சிரிப்பு. பெஞ்சு கிளார்க் சிரித்தார். பப்ளிக் பிராசிகியூட்டர் குறுக்கு விசாரணை எதுவும் இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் எங்கோ ஒரு பள்ளியில் ஒரு வயது எழுதப்பட்டிருக்கும்.

ஜட்ஜ் சிரிக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். ஒரு பக்கம், அடுத்த பக்கம். விரலை ஒரே கட்டத்தின் மேல் வைத்துக் கீழே இழுத்துக்கொண்டே போனார். எனக்கு அவர் படிப்பது தெரிந்தது. ஜூலை ஒன்று. ஜூலை ஒன்று. ஜூலை ஒன்று. அக்டோபர் மூன்று. ஜூலை ஒன்று.

கண்ணாடியைத் துடைத்தார்.

"எல்லாருக்கும் ஒரே தேதி இருக்கிறது. உங்கள் மகனுக்கு மட்டும் ஏன் வேறு தேதி?"

வக்கீல் என்னோடு எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்திருந்தார், இதைத் தவிர. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தம் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகன் குற்றவாளிக் கூண்டில் நின்று என்னைப் பார்த்தான். மூன்று வருஷம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது. அது உண்மை, அதனால்தான் வேறாக இருக்கிறது என்பதே பதில். வேறு பதில் இருக்கவில்லை.

"சொந்தப் பிள்ளை என்பதால் கொஞ்சம் சிரமப்பட்டுப் பொய் எழுதினேன்" என்றேன்.

இந்தத் தடவை ஜட்ஜும் சிரித்துவிட்டார். புத்தகத்தை மூடினார். எனக்குக் காதுக்குள் ரயில் போவது போல இருந்தது.

தீர்ப்பு அடுத்த வாரம். இருபத்திரண்டு வயது ஆளுக்குப் போர்ஸ்டல் உத்தரவு செல்லாது. அதற்குப் பதிலாக மூன்று மாதம் கடுங்காவல், கீழ்க்கோர்ட் தீர்ப்பு நாளிலிருந்து கணக்கு. இரண்டு மாதத்துக்கு மேல் ஏற்கெனவே கழிந்திருந்தது. இன்னும் பத்தொன்பது நாள்தான் பாக்கி.

தீர்ப்பில் என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது. தனக்குத் தீங்கு வரும் என்று தெரிந்தும் தன் தவற்றை மறைக்காமல் ஒப்புக்கொண்ட இந்த ஆசிரியரின் நேர்மையைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். என் வாழ்க்கையில் என் நேர்மையைப் பற்றி அரசாங்கக் காகிதத்தில் எழுதப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

இன்னொரு வரியும் இருந்தது. வயது எதுவானாலும் ஒரு சைக்கிளுக்கு மூன்று வருஷம் என்பது அதிகமாகவே படுகிறது, ஆனால் அந்தக் கேள்விக்குள் இப்போது போக வேண்டிய அவசியம் எழவில்லை என்று. நான் அதை வக்கீலிடம் விரலை வைத்துக் காட்டினேன்.

"இதுக்கு என்ன அர்த்தம்? பத்தொன்பதுன்னு சொல்லியிருந்தாலும் விட்டிருப்பாரா?"

"அதெல்லாம் ஒரு பேச்சுக்கு எழுதுறது சார். ஓட்டை கெடச்ச பின்னாடி எல்லா ஜட்ஜும் தாராளமாத்தான் பேசுவாங்க."

"விட்டிருப்பாரா, மாட்டாரா?"

"யாருக்குத் தெரியும்? அது அவரு இஷ்டம்" என்றார். அவசியம் எழவில்லை என்ற அந்த வரியை நான் இன்னும் வாரத்தில் இரண்டு மூன்று தடவை நினைத்துப் பார்க்கிறேன். அதற்கு யாரிடம் அப்பீல் போடுவது என்று தெரியவில்லை.

மகன் வீட்டுக்கு வந்த அன்று மனைவி அவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தாள். பத்தொன்பது வயதுப் பையன், கோர்ட் கணக்கில் இருபத்திரண்டு, உட்கார்ந்து தலையைக் கொடுத்தான். "பெரியவன் கூட்டியாந்து வுட்டுட்டான்" என்று அவள் சொன்னாள். அவனிடமா என்னிடமா என்று தெரியாதபடி சொன்னாள். அவன் இப்போது பெரம்பலூரில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் வேலை பார்க்கிறான். வண்டிகளுக்கு வர்ணம் பூசுகிறான். கை சுத்தம் என்று முதலாளி சொல்கிறார், பெயிண்டு வேலையைத்தான் சொல்கிறார்.

ஐகோர்ட் நோட்டீஸ் பயம் எனக்கு ஒரு வருஷம் இருந்தது. ஜில்லாவில் போடும் தண்டனைகளின் பட்டியல் பட்டணத்துக்குப் போகிறது, அங்கே ஜட்ஜுகள் பார்க்கிறார்கள் என்று வக்கீல் ஏதோ பேச்சில் சொல்லிவைத்தார். அதிலிருந்து தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே நான் வாசலுக்கு வந்து நின்றுவிடுவேன். அவருக்கும் அது தெரிந்துவிட்டது. "ஒண்ணும் இல்ல சார், ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று இருபது கஜத்துக்கு முன்னாலிருந்தே கத்திக்கொண்டு வருவார்.

ஒரு நாள் அவர் கத்தாமல் வந்தார். தபால் பட்டணத்திலிருந்து அல்ல, திருச்சியிலிருந்து, என் இலாகாவிலிருந்து. சேர்க்கைப் புத்தகத்தில் பொய்யான வயது பதிந்ததற்கு என்ன சமாதானம் என்று கேட்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கான ஜூலை ஒன்றுகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்டோபர் மூன்றைப் பற்றி மட்டும் கேட்டிருந்தார்கள். என்னிடம் இருந்த ஒரே சமாதானம் அது உண்மை என்பதுதான். அதை எழுத முடியாது. தவறு நேர்ந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று எழுதினேன்.

தலைமை ஆசிரியர் பதவியிலிருந்து இறக்கி, வாலிகண்டபுரத்துப் பள்ளிக்கு உதவி ஆசிரியனாக மாற்றினார்கள். அது என் மனைவியின் ஊர் என்று தெரிந்து யாரோ ஒரு குமாஸ்தா இரக்கப்பட்டிருக்கிறார் போலும். முப்பது நாளுக்குள் மேலதிகாரிக்கு அப்பீல் செய்துகொள்ளலாம் என்று உத்தரவின் அடியில் இருந்தது.

"போடுங்க சார், கண்டிப்பா கொறைப்பாங்க" என்றார் வக்கீல். "சர்வீஸ்ல வேற ஒரு கறையும் இல்ல. ஜட்ஜே நேர்மையான ஆளுன்னு எழுதியிருக்காரு. அதை வச்சே போடலாம்."

நான் போடவில்லை. செய்த குற்றங்களுக்கெல்லாம் சேர்த்துப் பார்த்தால் தண்டனை குறைவுதான். கூட்டச் சொல்லிக் கேட்பதற்கு விதியில் இடம் இருக்கவில்லை.

வாலிகண்டபுரம் பள்ளியின் தலைமை ஆசிரியருக்குக் கை நடுக்கம். சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, "ஒங்க கையெழுத்து நல்லாயிருக்கு, இதை நீங்களே எழுதிடுங்க" என்று சேர்க்கைப் புத்தகத்தை என் மேஜைக்குத் தள்ளிவிட்டார். இலாகா உத்தரவு அவருடைய மேஜை இழுப்பில்தான் இருந்தது.

இந்த வருஷம் ஜூன் மாதம் ஒருவர் மகனைக் கொண்டுவந்தார். கடலைக் காடு வைத்திருப்பவர். மற்றவர்களைப் போல வெறுங்கையோடு வரவில்லை, பிறப்பு எக்ஸ்டிராக்ட் கொண்டுவந்திருந்தார்.

"எல்லாம் ரிக்கார்டா வச்சிருக்கேன் சார். ஆனா ஒரு ரெண்டு வருசம் கொறச்சுப் போட்டுருங்க."

தாளைப் பார்த்தேன். ஆண் குழந்தை. அதன்படி பையனுக்கு எட்டு வயது. பையனை வாயைத் திறக்கச் சொன்னேன். முன்பற்கள் எல்லாம் பால் பற்கள், ஒன்றுகூட விழவில்லை, ஆடவும் இல்லை. கையைத் தலைக்கு மேல் வளைக்கச் சொன்னேன். விரல் காதின் நுனியை இப்போதுதான் தொட்டது.

"இவனுக்கு மேல ஒண்ணு இருந்திச்சா?" என்றேன்.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இருந்திச்சுங்க. ஆறு மாசம்." பிறகு, "பொறப்புக்கு எழுதிக் குடுங்கன்னு கேட்டேன், இதைத்தான் குடுத்தாங்க. அது எப்படிங்க சார் ஒங்களுக்குத் தெரியும்?" என்றார்.

தாளை மடித்து அவரிடமே கொடுத்தேன்.

"இது இவனோடது இல்ல. வூட்டுல வச்சிருங்க, யாருக்கும் குடுத்துறாதீங்க."

அவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டார். நான் பேனாவைத் தொட்டுப் பிறந்த தேதிக் கட்டத்தில் ஜூலை ஒன்று என்று எழுதினேன். வருஷத்தைப் பையனின் பல்லைப் பார்த்து, குறைக்காமல், சரியாக எழுதினேன்.